கையால் தைத்த பாதி

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எங்காவது லிஃப்ட் நின்றுவிட்டது என்று அழைப்பார்கள். சில சமயம் இவர் போய்ச் சேர்வதற்குள் அது தானாகவே ஓடத் தொடங்கியிருக்கும். அப்படியும் வந்து பார்த்ததற்கான தொகையைக் கறாராக வாங்கிக்கொண்டுதான் திரும்புவார். யாராவது முகம் சுளித்தால் வீட்டில் வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை பொருமுவார். "நான் போனது போனதுதானே? என் நேரம் என்ன மரத்துல காய்க்குதா?"

அதே மனிதர்தான், ஜன்னலோரம் உட்கார்ந்து நான் போர்வை தைப்பதைப் பார்த்து யாராவது விசாரித்தால், "அவளுக்கும் பொழுது போகணும்ல" என்பார்.

என் பொழுது எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுகிறேன். துண்டுத் துணிகளை அளவாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து மேல்துணி ஆக்க வேண்டும். அதற்கு அடியில் பஞ்சு, பஞ்சுக்கு அடியில் இன்னொரு துணி. மூன்றையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, நடுவில் ஆரம்பித்து வெளிப்பக்கமாகத் தைத்துக்கொண்டே போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் துணியெல்லாம் நடுவில் வந்து உப்பிக்கொள்ளும். மேலே ஒரு கை, அடியில் ஒரு கை. ஊசி மூன்றையும் தாண்டிவிட்டதா என்பதை அடியில் இருக்கும் விரல்தான் சொல்லும், குத்துப்பட்டுச் சொல்லும். என் இடது கை ஆள்காட்டி விரல் மரத்துப் போய் வெகுகாலம் ஆகிறது. கொதிக்கிற பாத்திரத்தைக்கூட அந்த விரலால் தொடுவேன்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். எங்கள் சொந்தத்தில் யாரும் பல்லைப் பார்க்கவில்லை, மாட்டையே பார்க்கவில்லை. மாடி வீட்டில் இருக்கும் நாத்தனாருக்கு ஒரு போர்வை கொடுத்தேன். அதை நான்காக மடித்து, வாஷிங் மெஷின் அதிராமல் இருக்க அடியில் போட்டிருக்கிறாள். "சும்மா சொல்லக் கூடாது, நல்ல கெட்டியா இருக்கு" என்று பாராட்டு வேறு. கணவரின் முதலாளிக்குக் கொடுத்தது அவர் வீட்டு நாய்க்குப் போயிற்று. நாயாவது அதன்மேல் தூங்குகிறது, போகட்டும்.

இப்படி இருக்கும்போதுதான் தச்சர் வந்தார். தெருமுனையில் கட்டில், அலமாரி செய்கிறவர். எங்கள் ஜன்னல் சட்டத்தைச் சரிசெய்ய வந்தவர், வேலை முடிந்தபிறகும் போகாமல் என் போர்வைச் சட்டத்தின் எதிரே நின்றார். தன் மகள் வெளியூரில் தனி வீடு எடுத்துப் போகிறாள், அவளுக்குக் கட்டில் செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார்.

"மேல போடறதுக்கும் கையால செஞ்சதுதான் வேணும்மா. மெஷின் படாம செஞ்சு தருவீங்களா? என்ன ஆகும்?"

எத்தனையோ பேரிடம் "நீங்க பார்த்துக் கொடுங்க" என்று வழிந்து, நூல் காசுகூடத் தேறாமல் கொடுத்தவள் நான். அன்று என்ன தோன்றியதோ, பஞ்சு, துணி, நூல், அத்தனை மாத உழைப்பு எல்லாவற்றையும் மனதுக்குள் கூட்டி, உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு எனக்கே வியர்த்தது. அவர் தன் அளவுகோலை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, "அவ்வளவு ஆகும்தான்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். இந்த ஒரு போர்வை அதன் விலைக்குப் போய்விட்டால் போதும், அப்புறம் என் வேலையை யாரும் பொழுதுபோக்கு என்று சொல்ல முடியாது என்று நினைத்தேன். போர்வை வேண்டிய தேதியைச் சொல்லி, கட்டில் வாங்க வருகிறவர்களிடமும் என்னைப் பற்றிச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

விலையைக் கேட்டதும் நாத்தனார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அந்தக் காசுக்குக் கடையில நாலு போர்வை வாங்கலாமே. தலையணை உறை வேற சும்மா தருவான்."

"அப்போ அவர் கடைக்கே போயிருப்பாரே, அண்ணி."

"ஏதோ ஏமாந்தவன் மாட்டியிருக்கான். மனசு மாறுறதுக்குள்ள முடிச்சுக் கொடுத்துடு."

நான் அவசரப்படவில்லை. நடுவில் ஒரு பெரிய வட்டம், அதைச் சுற்றி இதழ் இதழாக வரிசைகள். இதழ் வளைகிற இடத்தில் தையலைப் பொடியாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் வளைவு உடைந்து கோணல்மாணலாகிவிடும். வெயில் ஜன்னலில் இருக்கும்வரை தைப்பேன். பாதிப் போர்வை முடிந்தபோது எனக்கே அதைத் தடவிக்கொண்டிருக்க வேண்டும்போல் இருந்தது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல தையல் நான் போட்டதில்லை.

அந்தச் சமயத்தில் தங்கைக்கு ஆபரேஷன் என்று செய்தி வந்தது. அவளுக்கு என்னை விட்டால் யார்? தச்சர் சொன்ன தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்ததும் அவரிடம் கொஞ்சம் தவணை கேட்டுக்கொள்ளலாம் என்று எண்ணி, சட்டத்தின்மேல் பழைய வேட்டி ஒன்றைப் போட்டு மூடிவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது சட்டம் சுவரில் சாய்த்து வைத்திருந்தது, வெறுமையாக. போர்வை கட்டில்மேல் விரித்திருந்தது. கணவரும் நாத்தனாரும் அதற்கு இரண்டு பக்கமும், பரிசு வாங்கிய பிள்ளைகள்போல் நின்றார்கள்.

"எப்படி?" என்றார் கணவர்.

நடுவில் என் வட்டமும் நான் தைத்த இதழ்களும். அதைச் சுற்றி, மிச்ச இதழ்கள் வந்திருக்க வேண்டிய இடமெல்லாம், ஓரத்திலிருந்து உள்ளே ஓடிவந்த மெஷின் தையல், கோடு கோடாக. துணி முழுவதும் நடுவுக்குத் தள்ளப்பட்டு, என் வட்டம் அஜீரணக்காரன் வயிறு மாதிரி உப்பியிருந்தது.

"நீ தேதியை நினைச்சுக் கவலைப்பட்டியே, அதான் தையல்கடைக்கு எடுத்துட்டுப் போனேன். ஒரே மணி நேரம். சாயந்தரம் வாங்கன்னு சொல்லுவான்னு பார்த்தேன், என்னை உட்கார வச்சே முடிச்சுக் கொடுத்துட்டான்."

எதையாவது கேட்க வேண்டுமே என்று, "எவ்வளவு வாங்கினான்?" என்றேன்.

"கேட்டதைக் கொடுத்தேன். அவசர வேலைன்னு மேலயும் கொஞ்சம் கொடுத்தேன்."

"பேரம் பேசலையா?"

"பாவம், உழைப்பாளி. அவன்கிட்ட போய் என்ன பேரம்?"

அன்பினால்தான் செய்தார், இல்லையென்று சொல்லமாட்டேன். வயிறு எரிந்ததும் அதனால்தான். கெடுக்க வேண்டும் என்று செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருக்கலாம். நல்லது செய்தவரை என்ன சொல்லித் திட்டுவது?

நான் தச்சரைப் போய்ப் பார்ப்பதற்குள் அவரே வந்துவிட்டார். கணவர் என்னை முந்திக்கொண்டு போர்வையை விரித்துக் காட்டினார். "சொன்ன தேதிக்கு ரெடி. மிச்சத்தை மெஷின்ல கொடுத்து முடிச்சாச்சு. உங்களுக்கு ஒரு நாள்கூடத் தாமதம் கிடையாது."

தச்சர் போர்வையின் நடுவில் உள்ளங்கையை வைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுண்ணே. நான் ஊர்ல இல்ல" என்றேன்.

"நாள் ஆகும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காத்திருப்பேனேம்மா. கட்டில் முன்னால போகட்டும், போர்வை பின்னால போகட்டும்னு விட்டிருப்பேன்."

"பிரிச்சுத் திரும்பத் தைச்சுத் தரட்டுமா?"

"அந்த ஓட்டை மறையுமா?"

மறையாது. மெஷின் ஊசி பருமன், அந்தத் துணியில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான். தெரிந்தே கேட்டேன், தெரிந்தே அவரும் கேட்டார். "மகள்கிட்ட கையால செஞ்சதுன்னு சொல்லிட்டேன்மா" என்றபடி செருப்பை மாட்டினார். அவர் வாசலைத் தாண்டும்போது கணவர் பின்னாலேயே போய், "பாதி கைவேலைதானே, பாதி விலைக்கு எடுத்துக்குங்க" என்றார். தச்சர் திரும்பிப் பார்க்கவில்லை.

"பேரம் பேசத்தான் இப்படிப் போறார். நாளைக்கு வருவார் பாரு" என்றார் கணவர், உள்ளே வந்து.

"லிஃப்ட் தானா ஓடினாலும் காசு வாங்குறீங்களே. என்னோட அத்தனை மாசத்துக்கு நீங்க யாரு பாதி விலை போட?"

"அது வேலைம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. குழந்தைக்கு எடுத்துச் சொல்வதுபோல் சொன்னார்.

மறுநாள் நாத்தனார் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் தோழி ஒருத்தி, சோபாமேல் விரிக்க ஏதாவது மலிவாகக் கிடைத்தால் எடுத்துக்கொள்வாளாம். "கிடைக்கிறதை வாங்கிக்கிட்டு விட்டுத் தள்ளு. வீட்ல இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்க வேண்டாம்" என்றாள். சரி அண்ணி, சாயந்தரம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மதியச் சமையல் முடிந்ததும் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் மெஷின் தையலில் கத்தரி வைத்துப் பார்த்தேன். அது ஒவ்வொரு தையலாகக் கவ்விக்கொண்டிருந்தது. ஒரு சாண் பிரிப்பதற்குள் கண் பூத்துப் போயிற்று. அதை அப்படியே விட்டேன். அது தையல்காரனுடைய வேலை, அவனுக்குக் கேட்ட கூலி கிடைத்தாயிற்று. என்னுடையது நடுவில் இருந்தது. அதைச் சோபாமேல் விரிக்க நான் கொடுப்பதாக இல்லை.

கைத்தையலைப் பிரிப்பதில் ஒன்றும் சிரமமில்லை. பஞ்சுக்குள் ஒளித்து வைத்த முடிச்சைத் தேடி நறுக்கினால் போதும், நூல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஒரு இதழ், அடுத்த இதழ், பிறகு வட்டம். வெயில் ஜன்னலை விட்டுப் போவதற்குள் அத்தனையும் வெளியே வந்துவிட்டது. என் மடியில் ஒரு கைப்பிடி நூல் கிடந்தது. அழுதேன். மூக்கைச் சிந்திக்கொண்டே பிரித்தேன்.

நாத்தனார் பை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். நடுவில் தையலே இல்லாமல் தொளதொளவென்று கிடந்த போர்வையைப் பார்த்தாள், என் மடியில் இருந்த நூலைப் பார்த்தாள். அவளுக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

"இவ்வளவு சீக்கிரம் பிரிச்சுட்டியே. தைக்கிறதுக்கு மட்டும் ஏன் அத்தனை மாசம் இழுத்தே?"