நாற்பத்தொரு படி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதற்கும் வாய் பிளக்கத் தெரியவில்லை. ரசமட்டத்தின் வீட்டு மாடிப்படி மாதத்துக்கு ஒன்றாக வளர்ந்தது. பதினேழாக இருந்தது இரண்டு வருஷத்தில் நாற்பத்தொன்று ஆயிற்று. தெருவில் ஒருவராவது எட்டிப் பார்க்க வேண்டுமே! எதிர்வீட்டுத் தையல்காரர் மட்டும், "எங்க வீட்டுலகூட சுவர் ஊறுது" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார். படி ஒவ்வொன்றும் ஏழு அங்குலம். தரைக்கும் மாடிக்கும் நடுவே பத்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. கட்டிய அன்றும் அதேதான், இன்றும் அதேதான். அதற்குள் நாற்பத்தொரு படி எப்படி அடங்கியது என்று கேட்டால், அடங்கியது, அவ்வளவுதான்.

ரசமட்டம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. நாற்பது வருஷம் கொத்து வேலை பார்த்த மேஸ்திரி. கண் பொய் சொல்லும், மட்டம் பார்க்கும் ரசமட்டத்தின் குமிழி பொய் சொல்லாது என்பார். ரசமட்டத்தை வைத்துப் பார்க்காமல் மேசையில் தட்டைக்கூட வைக்கமாட்டார். மனைவி அவரிடம் சித்தாளாக வந்தவள். கீழே நின்று அவள் செங்கல்லை வீசுவாள், சாரத்தில் நின்று அவர் பிடிப்பார். ஒரு கல்கூடத் தவறியதில்லை. இப்போது அவள் மேலே, அவர் கீழே. அவளுக்கு முட்டி இரண்டும் தேய்ந்து சக்கர நாற்காலி வந்த அதே மாதம், அவர் கீழே குளியலறையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். கைத்தடியோடு தரையில் நடப்பார், படி ஏற முடியாது. தூக்கிக்கொண்டு போக நாலு பேர் வந்தார்கள். "நான் என்ன சிமென்ட் மூட்டையா?" என்று விரட்டிவிட்டார். படி நடுவில் திரும்புவதால் குரல்தான் போய்வந்தது, முகம் தெரியவில்லை.

அவளால் குனிந்து கால் நகம் வெட்ட முடியாது. நோவு தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். மகள் வெட்டினால் சதையைப் பிடிக்கிறாளாம். மாதம் ஒரு தடவை மேலேயிருந்து குரல் வரும்: "யோவ் மேஸ்திரி, நகம் வளந்துபோச்சு. வந்து வெட்டிவிடுய்யா." நகவெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முதல் படி வரைக்கும் போவார். அண்ணாந்து பார்ப்பார். "நாளைக்கு வரேன்" என்பார். மறுநாள் காலையில் ஒரு படி கூடியிருக்கும். சுண்ணாம்பு அடித்து, விளிம்பு தேய்ந்து, முப்பது வருஷமாக அங்கேயே இருந்த மாதிரி இருக்கும்.

"அப்பா, அந்த 'நாளைக்கு' சொல்றதை நிறுத்தேன். ஏறி எறங்குறது நானு" என்றாள் மகள். அவர் நம்பவில்லை. சிமென்டும் மணலும் இல்லாமல் படி எப்படி வரும்?

முதல் வருஷ முடிவில் மகள் ஒரு கம்பெனிக்காரனைக் கூட்டிவந்தாள். சுவரோரம் தண்டவாளம் போட்டு நாற்காலியை ஓடவிடுவதாகச் சொன்னான். இருபத்தொன்பது படி என்று அளந்தான். அந்நியன் அளவை நம்பாமல் ரசமட்டமும் தன் டேப்பால் அளந்தார், இருபத்தொன்பதுதான். வளைவுக்குத் தகுந்தபடி தண்டவாளம் செய்து வர இரண்டு மாதம் ஆனது. அதற்குள் இரண்டு தடவை 'நாளைக்கு' சொல்லியாயிற்று. நாற்காலி மகளை ஏற்றிக்கொண்டு போய், மாடிக்கு இரண்டு படி கீழே நின்று முனகியது. "நான் அப்பவே சொன்னேன்ல!" என்று சந்தோஷப்பட்டவர், மேலே ஒருத்தி காத்திருந்து உள்ளே போகும் சக்கரச் சத்தத்தைக் கேட்டதும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அடுத்து வந்தவன் சக்கர நாற்காலியோடு ஏற்றிவிடும் மேடை ஒன்றைப் படத்தில் காட்டினான். அது வாசல் உயரத்துக்குத்தான் சரி, மாடிக்கு எட்டாது என்று அவனே ஒப்புக்கொண்டான். மூன்றாமவன் பெட்டி லிப்ட்காரன். படியோடு அவனுக்குப் பேச்சே இல்லை. தளத்தில் நாலடிக்கு நாலடி ஓட்டை போட்டால் நேரே மேலே போய்விடும் என்றான். ரசமட்டம் கைத்தடியை ஓங்கினார். அந்தத் தளம் ஒரே பகலில் நிறுத்தாமல் கொட்டியது. கலவைச் சட்டியெல்லாம் அவள் தலையில் சுமந்தது. "அதுல கைய வச்சா கைய எடுத்துருவேன்" என்றார். பத்து மாதம் போயிற்று, பத்துப் படி கூடிற்று.

அதற்கடுத்த மாதம் மேலேயிருந்து குரல் வரவில்லை. காலையிலிருந்து முதல் படியருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மகள் இறங்கிவந்தாள். "அம்மா நல்லாத்தான் இருக்கா. இனிமே கூப்பிடலையாம். படி வளருதாம், பாவமாம்." ரசமட்டம் எழுந்து, சாக்குக்கட்டியை வாங்கிக் கைத்தடி நுனியில் கட்டி, தலைக்கு மேலே தளத்தின் அடியில் தானே ஒரு சதுரம் போட்டார். "அவனை வரச் சொல்லு. கோட்டுக்கு வெளியே ஒரு நூல் போனாலும் கூலி கிடையாது."

மூன்று நாள் வெட்டினார்கள். தூசி அடங்கியபோது ஓட்டையின் விளிம்பில் ஒரு முகம் தெரிந்தது. "என்னய்யா, தலையெல்லாம் நரைச்சுக் கெடக்கு?" என்றது. "சிமென்ட் தூசி" என்றார் அவர்.

பெட்டி பொருத்தி முடிந்த அன்று முதலில் இறங்கிவந்தவள் அவள்தான். நாற்காலியை உருட்டிக்கொண்டு நேரே படியருகே போய், மேலிருந்து தெரிந்ததோடு சேர்த்து விரல் விட்டு எண்ணினாள்.

"நாப்பத்தொண்ணு. இருபத்துநாலு தடவை பொய் சொல்லியிருக்கே."

"பொய் இல்ல. ஒவ்வொரு தடவையும் வரணும்னுதான் சொன்னேன்."

"தெரியும். பொய்யா இருந்தா இந்நேரம் இடிஞ்சு விழுந்திருக்குமே" என்றாள். "சரி, மேலே வரியா?"

வாயில் வழக்கமான சொல் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு ரசமட்டத்தை எடுத்துப் பெட்டியின் தரையில் வைத்தார். குமிழி ஒரு மயிரிழை இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. "பாத்தியா? இதை நம்பி ஒரு செங்கல்லைக்கூட ஏத்தமாட்டேன்."

"செங்கல்லா இருந்தா நானே வீசியிருப்பேன். ஏறுய்யா."

ஏறினார். பத்தடி போகும்வரை ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அவள் நாற்காலியையும் பிடித்திருந்தார். படிகள் பிறகு குறையவும் இல்லை, கூடவும் இல்லை. மகள் அவற்றில் பூந்தொட்டி வைத்திருக்கிறாள். அன்றைக்கு மேலே கதவு திறந்ததும் அவர் அந்தப் பெட்டியை ஒரு தரம் முறைத்தார். "இன்னும் எத்தனை நாளைக்கு ஓடுதுன்னு பாப்போம்" என்று முணுமுணுத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், நகவெட்டியைப் பையிலிருந்து எடுத்தபடி அவள் அறையை நோக்கி நடந்தார்.