முட்டு எடுத்தவன்

விடிவதற்குள் பன்னிரண்டு முட்டுக் கட்டைகளைக் கொட்டகையிலிருந்து தோளில் சுமந்து வந்து சேர்த்துவிட்டோம். பனியில் நனைந்த மரம் காய்ந்த மரத்தைவிட ஒன்றரை மடங்கு கனக்கும். தோல் உரிந்த இடமாகப் பார்த்துத்தான் அது வந்து உட்காரும். அன்று அடுத்த மனையில் எழும்பும் வீட்டுக்குத் தளம் போடுகிற நாள். கலவை லாரி வருமுன் பலகைகளுக்கு அடியில் அறுபது முட்டுகள் நிற்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் ஐம்பத்தெட்டுதான் நின்றன.

எங்கள் முதலாளி குடும்பத்துக்கு இரண்டு தொழில். நாங்கள் பெரியவர் என்று சொல்லும் அண்ணன் வீடு கட்டுவார், தம்பி மரப்படகு பழுது பார்ப்பார். இரண்டுக்கும் ஒரே கொட்டகை, ஒரே உளி, ஒரே முட்டு. இந்த வாரம் தளத்தைத் தாங்குகிற மரம்தான் அடுத்த வாரம் கரையேற்றிய படகைச் சாயாமல் பிடிக்கும். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. படகுக்கு அடியிலிருந்து முட்டு எடுத்தவன், அந்த இடத்துக்கு நேராகப் படகின் விளிம்பில் ஒரு கந்தல் துணியைக் கட்ட வேண்டும். துணி தொங்கினால் யாரும் அடியில் நுழைய மாட்டார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் துணி கட்டாமல் போனவன் நான்.

எடுக்கச் சொன்னவர் பெரியவர். "ஒண்ணு எடுத்தா படகு படுத்துக்காது. ஓடுடா, கலவை இறுகுது!" ஓடினேன். திரும்பி வந்து கட்டலாம் என்று நினைத்தேன், திரும்பவில்லை. மறுநாள் காலையில் பஞ்சு அண்ணன் எப்போதும்போல அடியில் நுழைந்தார். பலகை இடுக்குகளில் பஞ்சை அடித்து இறுக்கித் தண்ணீர் புகாமல் செய்வது அவர் வேலை, அதனால் அந்தப் பெயர். படகு சாய்ந்தது. பதினோரு பேர் சேர்ந்து தூக்கினோம். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

படகை மறுபடி நிமிர்த்தினார்கள். அவர் பாதியில் விட்ட இடுக்கிலிருந்து ஒரு முழம் பஞ்சுத் திரி இன்னும் தொங்குகிறது. யாரும் அதைத் தொடவில்லை. காற்றே இல்லாத மதியத்திலும் அது ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். கதை விடவில்லை, படகுத் தச்சரும் பார்த்திருக்கிறார். நான் எங்கே சுத்தியலை ஓங்கினாலும் கீழே இன்னொரு சுத்தியல், அவருடைய நிதானத்தில், டொக் டொக் என்று கூடவே அடிக்கும். நான் நிறுத்தினால் ஒரு அடி தாமதித்து அதுவும் நிற்கும். சோற்றில் கை வைத்தாலும் கேட்கிறது.

'அவன் பாக்காம நுழைஞ்சான், என்ன செய்ய?' என்று பெரியவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். தப்பு செத்தவருடையது என்று ஆனதும், கொட்டகைக்குப் பின்னால் அவர் குடும்பம் இருந்த அறையும் இல்லை என்று ஆனது. நாளைக்குள் காலி செய்ய வேண்டும். பஞ்சு அண்ணனின் மனைவி, எங்களுக்கு அக்கா, நேற்றே பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டார். நான் வாயைத் திறந்தால் அறை அவர்களுக்கு நிலைக்கலாம். எனக்கு வேலை போகும், கம்பி எண்ணவும் நேரலாம். வாயிருந்தும் ஊமையாகத் திரிந்தேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பெரியவர் வந்து இறங்கினார். "இன்னும் ரெண்டு எங்கடா?"

"இல்லைங்க முதலாளி."

"படகுக்கு அடியில எட்டு நிக்குதே. ரெண்டை எடு."

"தச்சர் அடியில இருக்காருங்க."

"அஞ்சு நிமிஷம் வெளிய வரச் சொல்லு. எடுத்தப்புறம் நுழையட்டும்."

நான் நகரவில்லை. அவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட அன்பாகச் சொன்னார்: "போன தடவை எடுத்தவன்தானே நீ? இப்ப என்ன புதுசா?"

அந்தத் தாழ்ந்த குரல்தான் என்னைச் சுட்டது. ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். "ஆமா, நான்தான் எடுத்தேன்! நீங்க சொல்லி எடுத்தேன். துணி கட்டாதது என் தப்பு. எடுக்கச் சொன்னது உங்க தப்பு. பஞ்சு அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல!"

மேலே கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். தச்சர் படகுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார்.

"அப்போ அவரு பாக்காம நுழையல?"

"பார்த்துத்தான் நுழைஞ்சிருப்பாரு அண்ணே. துணிதான் இல்ல."

தச்சர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். முதலாளி பக்கம் திரும்பினார். "அவன் எடுக்க வேணாம். நீங்களே வந்து எடுங்க முதலாளி. நல்லாக் குனிஞ்சு வாங்க."

"எனக்கென்னடா பயம்?" பெரியவர் வேகமாக நடந்து, குனிந்து, முட்டு ஒன்றைப் பிடித்தார். படகு முனகியது. பஞ்சுத் திரி அவர் கன்னத்தைத் தொட்டது.

கொட்டகை வாசலில் தம்பி முதலாளி நின்றிருந்தார். "அண்ணே, கையை எடு," என்றார்.

எடுத்தார். குனிந்தபடியே பின்வாங்கி வெளியே வந்தார்.

"அக்கா அந்த அறையிலதான் இருக்கணும்," என்றார் தச்சர். "நடந்தது நடந்தபடி எழுதித் தரணும். படகுக்குத் தனி முட்டு, வீட்டுக்குத் தனி முட்டு. அதுவரைக்கும் நான் அடியில நுழையல."

"நுழையாதவன் வெளிய போ! ஒரு மணி நேரத்துல வேற ஆள் கொண்டு வருவேன்," என்றார் பெரியவர்.

"கொண்டு வாங்க. எங்களைத் தாண்டித்தானே வரணும்?"

கலவை லாரி வந்து வாசலில் நின்று கலவை உருளையைச் சுற்றத் தொடங்கியது. தளத்தின் மேலிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். வீட்டு ஆட்களும் படகு ஆட்களும் கீரியும் பாம்புமாக இருந்தவர்கள். சொந்தச் சுத்தியலை ஒருவருக்கொருவர் இரவல் தரமாட்டார்கள். இன்று படகுக்கும் கட்டடத்துக்கும் நடுவே மணலில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பெரியவர் யாருக்கோ போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

என் பக்கத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அது நியாயம்தான்.

அக்கா அறையிலிருந்து வெளியே வந்து நேராக என்னை நோக்கி நடந்தார். எழுந்து நின்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

"மூணு வாரம் என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சியே," என்றார்.

தலை குனிந்தேன்.

"உன்னை நான் மன்னிக்கல."

"மன்னிக்க வேணாம்க்கா."

அக்கா இரையும் லாரியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

"உக்காரு. கொஞ்சம் தள்ளி உக்காரு. எனக்கும் இடம் வேணும்."