ஊசிக்குப் பயந்த கிரேன்காரர்

கிரேன்காரர் உட்காரும் கூண்டு அவ்வளவு உயரம். பறவைகள்கூட அவரிடம் வழி கேட்டுத்தான் போகும். அப்பேர்ப்பட்டவரைச் சர்க்கரை நோய் தரையில் இறக்கிவிட்டது. அவர் ரத்தத்தில் ஓடிய சர்க்கரையை வடிகட்டியிருந்தால் ஊருக்கே காபி கலக்கியிருக்கலாம். கண் மங்க ஆரம்பித்ததும் கம்பெனி டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "இது அடங்குற வரைக்கும் மேல ஏறக் கூடாது."

வானத்தை ஆண்டவர் கட்டட வேலை நடக்கும் இடத்தின் வாசலில் உட்கார்ந்து ஹெல்மெட் எடுத்துக் கொடுத்தார்.

மாத்திரை மட்டும் போதவில்லை. டாக்டரம்மா பேனா மாதிரி ஒன்றை நீட்டினார். "தினம் ஒரு ஊசி. வயித்துல நீங்களே போட்டுக்கலாம்."

"இன்சுலினா?"

"இல்லைங்க. சாப்பிட்டா நம்ம குடல்ல ஒரு ஹார்மோன் சுரக்கும், அது மாதிரி செஞ்சது. சர்க்கரை ஏறுறப்ப கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலின் விட வைக்கும். சாப்பாடு வயித்தை விட்டு மெதுவா இறங்கும், பசி அடங்கும். முதல்ல குமட்டும், அதான் கொஞ்சமா ஆரம்பிச்சுக் கூட்டுறோம். கூடவே தினம் நடக்கணும்."

அந்தரத்தில் அசையாமல் உட்கார்ந்தவர், இமை முடி அளவு ஊசியைக் கண்டு கட்டிலைச் சுற்றி ஓடினார். மனைவி மடக்கிப் பிடித்தாள்.

"இரு, கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன்."

"எந்திரிங்க. போட்டு முடிச்சாச்சு."

சில நாள் குமட்டல் படுத்தி எடுத்தது. பிறகு ஒரு மதியம், அண்டாவோடு பரிமாறினாலும் அசராத மனிதர், இரண்டாவது கரண்டிக்கே தட்டை மூடி, "போதும்" என்றார். மனைவி பதறி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, இது உன் புருஷன்தானா? நல்லாப் பாரு," என்றான் கிரேனுக்குக் கீழே சைகை காட்டும் மச்சான்.

மாதங்கள் ஓடின. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படிக்கப் படிக்க, கிரேன்காரரின் இதயம் கான்கிரீட் மிக்ஸர் மாதிரி உருண்டது.

"சர்க்கரையோட மூணு மாச சராசரி நல்லா இறங்கியிருக்கு. கண்ணும் தெளிவு. ஏறலாம். ஆனா ஊசியும் நடையும் நிக்கக் கூடாது."

"நிக்காதும்மா," என்ற பதில் மட்டும்தான் அறையில் நின்றது. ஆள் ஏணியில் இருந்தார்.

கூண்டிலிருந்து பார்த்தால் கேட்டுக்கு வெளியே கடுகளவில் மனைவி, நெற்றியில் கை வைத்து அண்ணாந்து நின்றாள். கிரேன்காரர் நெம்புகோலை லேசாகத் தொட்டார். காலிக் கொக்கி அவளைப் பார்த்து மேலும் கீழுமாகத் தலையாட்டியது.

வாக்கிடாக்கியில் கீழேயிருந்து மச்சான் குரல் கரகரத்தது. "மாமா, கொக்கி ஏன் ஆடுது?"

"காத்துடா," என்றார் கிரேன்காரர்.