தேர் நாள் வளையல்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடித் தேர் ஓடும் நாளில் எங்கள் மிஷன் விடுதிக் காவலாளி சமுத்திரம் யாரிடமும் சொல்லாமல் வடம் பிடிக்கப் போய்விடுவார். கேட்டைப் பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்துக்கொள்வோம். என் முறை வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது.

அன்று ஒரு பெண் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. தூரத்தில் பார்த்துக் கிழவி என்றே நினைத்தேன்.

"ராசபாளையத்துல இருந்து வாரேன், தாயீ. சுடலையம்மாள்னு ஒரு பிள்ளை இங்க இருக்காளா?"

"அப்படி யாரும் இங்க இல்ல" என்றேன். பெரிய அதிகாரி என்ற நினைப்பு எனக்கு. அவள் செத்த நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு அவள் என் கனவில் வரத் தொடங்கினாள். பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். கேட் தெரியும். நான் அதற்கு உள்ளே நிற்கிறேனா வெளியே நிற்கிறேனா என்பது மட்டும் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில், என் டீச்சர் வேலைக்குச் சர்டிபிகேட் எழுத விடுதித் தலைவி ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தார். ஞானஸ்நானத்தின்போது பிள்ளைகளுக்குப் புதுப் பேர் வைத்துவிடுவார்கள். மூன்று வயதில் வந்த எனக்குப் பழைய பேர் எப்படி நினைவிருக்கும்? இன்பம் என்ற என் பேருக்குப் பக்கத்தில், மங்கிய மையில், முந்தைய பேர் இருந்தது: சுடலையம்மாள். தாயின் பேருக்கு நேரே வெறும் கோடு.

தலைவி அடுத்த வரிக்குப் போய்விட்டார். பெற்றவளை என் வாயாலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். வெட்கத்தில் அதை யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குக் கிடைத்த முதல் விடுமுறை மறுபடியும் தேர் நாள். ஒருமுறை 'இல்லை' என்ற பதிலைக் கேட்டுப் போனவள் கேட்டுக்குத் திரும்பவா வரப்போகிறாள் என்று நானே ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். எதிரே வந்த வண்டிகள் நிறையத் தேர்க் கூட்டம். என் பஸ்ஸில் நானும் டிரைவரும் ஒரு கோழிக்கூடையும்தான். மேகம் மூடிய மலை தூக்கத்தில் நடப்பதுபோல் கூடவே வந்தது.

அவள் தலையில் பார்த்த பஞ்சை நம்பி, பருத்தியில் கொட்டை பிரிக்கும் பஞ்சுப் பேட்டைக்குப் போனேன். அது பூட்டிக் கிடந்தது. வாசலில் சிந்திய பருத்திக்கொட்டையை மாட்டுக்கு அள்ளிக்கொண்டிருந்த பரிபூரணம் என்பவள், யாரைத் தேடுகிறாய் என்று கேட்டாள். தெரிந்த ஒரே பேரைச் சொன்னேன்.

"அது பிச்சையம்மாளோட பிள்ளை பேருல்லா. பிள்ளைய மிஷன்ல விட்டுட்டு சிலோன் தோட்டத்துக்குப் பொழைக்கப் போனா. ஒம்பது வருசம் கழிச்சு வந்து இங்க வேலைக்குச் சேந்தா. தேருக்குத்தான் பேட்டையில லீவு. அன்னைக்கு விடியுமுன்னே நடந்து போயி அந்தக் கேட்டுல கேப்பா. வருசா வருசம் ஏதாச்சும் ஒரு சின்னப்பிள்ளை இல்லன்னு சொல்லிரும்."

இன்று விடுதிக் கேட்டில் அருள்செல்வியின் முறை. நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளை, பொய் சொல்லமாட்டாள். அப்படி யாரும் இங்கே இல்லை என்று இந்நேரம் சொல்லியிருப்பாள்.

உடனே விடுதிக்குத் திரும்பி ஓடலாமா என்று நினைத்தேன். வழியில் மறுபடியும் தவறவிட்டால் நான் தாங்கமாட்டேன். பரிபூரணம் காட்டிய குடிசைக்குப் போய் உட்கார்ந்தேன். ஒரு பானை, ஒரு பாய். சுவர் ஆணியில் ஏழு ஜதை கண்ணாடி வளையல், ஒவ்வொரு ஜதையும் முந்தியதைவிடக் கொஞ்சம் பெரிது. விடுதியில் எங்களுக்கு வளையல் கிடையாது. கடைசி ஜதையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி வைத்தேன்.

வெயில் சாயும் நேரம் வாசலில் நிழல் விழுந்தது. தலை அதே வெள்ளை. இப்போது அது பஞ்சு இல்லை, நரைதான். கையில் புதிதாய் ஒரு வளையல் பொட்டலம்.

"யாரு தாயீ நீ?"

"சுடலையம்மாள்னு ஒரு பிள்ளை இருக்காளான்னு என்கிட்ட கேளும்மா. இந்தத் தடவை சரியாச் சொல்றேன்."

அவள் கேட்கவில்லை. கிட்டே வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, வளையலை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"அளவு சரியாத்தான் வாங்கியிருக்கேன்" என்றாள்.