உப்பில்லாமல் போனவர்

பச்சைமுத்துவை மண் முதல் தடவை திருப்பிக் கொடுத்தது 1979 புரட்டாசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அன்று கடைக்கு மண்ணெண்ணெய் வரவில்லை, வெங்காயம் வந்திருந்தது. புதைத்த இடத்துக்கு நேர் மேலே, கட்டிய வேட்டி கலையாமல், கைகளை மார்பில் கோத்தபடி அவர் மல்லாந்து கிடந்தார். குழியை யாரும் தோண்டிய தடம் இல்லை. நாய் பறித்த அடையாளம் இல்லை. உடம்பு அழுகவும் இல்லை. நெற்றியிலிருந்து கால்வரை மெல்லிய வெள்ளை பூத்திருந்தது. உதட்டின் இரண்டு ஓரத்திலும் அரிசி அளவுக்கு உப்புக்கல். தண்ணீர் பிடிக்கப் போன பவுனு குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "செங்கம்மா, உன் வூட்டுக்காரரு வந்துட்டாரு" என்றாள். செங்கம்மாள் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனாள்.

அந்த நிலத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நகரத்துக்குள்ளே இருந்த குடிசைகளையெல்லாம் பிரித்து, பிழைக்க வந்திருந்த சின்னசேலம் பக்கத்து ஜனங்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, டில்லியின் வடமேற்கு ஓரத்தில் இறக்கிய வருஷம் 1976. இறங்கியவர்கள் முதலில் சுண்ணாம்பு கொட்டி வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை. பார்வைக்கு நல்ல வண்டல் கலந்த மண்தான். ஆனால் வெயிலில் சிமெண்டுத் தரை, கடப்பாரை பட்டால் பொறி பறக்கும். மழையில் கூழ், கால் வைத்தால் வழுக்கும். மேலே நிற்கிற தண்ணீர் தைமாசம் வரை கலங்கலாகவே நிற்கும், ஒரு விரல்கூட உள்ளே இறங்காது. மழையில் பதிந்த கால்தடம் கோடையில் கல்லாகிவிடும். 1976இல் இறங்கியபோது பதிந்த தடங்களில் குழந்தைகள் அடுத்த வருஷம் கால் வைத்து அளவு பார்த்தார்கள். அக்கம்பக்கத்து விவசாயிகள் அதை ஊசர் என்று சொல்லி ஏர் கட்டாமல் விட்டிருந்தார்கள். முரட்டுப் புல்லை மேய எருமை வரும், மேல்மண்ணைச் சுரண்டித் துணி வெளுக்கச் சலவைக்காரர் வருவார், அவ்வளவுதான் அதன் உபயோகம். அதனால்தான் அது இவர்களுக்குக் கிடைத்தது.

பச்சைமுத்து கட்டட வேலைக்காரர். மஞ்சள் காமாலையில் விழுந்தார். செங்கம்மாள் ஊர் வழக்கப்படி பத்தியம் வைத்தாள்: கீழாநெல்லி, மோர், உப்பில்லாத கஞ்சி. கடைசி வாரத்தில் அவர் குழந்தைபோல அழுதார். "ஒரு கல்லு உப்பு குடுடி, ஒரே ஒரு கல்லு." அவள் தரவில்லை. உப்புச் சட்டியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். பிழைத்துவிடுவார் என்று நம்பித்தான் செய்தாள். அவர் அந்த உப்பில்லாத வாயோடு போய்ச் சேர்ந்தார். அவர்கள் வகையறாவில் துர்மரணத்தை மட்டுமே எரிப்பார்கள், மற்றவர்களைப் புதைப்பார்கள். புதைக்கும்போது குழியில் உப்புக் கொட்டுவார்கள். குடியிருந்த சந்தின் கடைசியில், தரிசில் குழி வெட்டி, ஒரு மூட்டை உப்புக் கொட்டிப் புதைத்தார்கள். மறுநாள் பால் தெளிக்கப் போனால், ஊற்றிய பால் எவர்சில்வர் தட்டில் நிற்பதுபோல மண்ணின்மேல் நின்றது. திரியவும் இல்லை, காயவும் இல்லை. பூனைகூட அதைத் தொடவில்லை.

திரும்பி வந்தவரை இன்னும் ஆழமாக, இன்னொரு மூட்டை உப்போடு புதைத்தார்கள். வெள்ளிக்கிழமை வந்துவிட்டார். மூன்றாவது மூட்டை. இந்த முறை நான்கு ஆள் தூக்கும் கல்லை மேலே வைத்தார்கள். மறுவாரம் கல் ஓரமாக இருந்தது, அவர் நடுவில் இருந்தார். அப்புறம் யாரும் புதைக்கவில்லை, அங்கேயே கிடந்தார். உதட்டோர உப்பு இப்போது புளியங்கொட்டை அளவு. சந்தில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. பச்சைமுத்துவின் அக்காள் பொன்னம்மாள்தான் எல்லோரும் நினைத்ததை வாய்விட்டுச் சொன்னாள்: "எந்தம்பி சும்மாவா வரான்? வாய்க்கு உப்பு வைக்காம அனுப்பினியேடி, அதைக் கேக்க வரான்." அன்றிலிருந்து செங்கம்மாளும் உப்பைத் தொடவில்லை. சுகாதார அதிகாரி வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு (நாற்றமே இல்லை, பழக்கத்தில் பொத்தினார்), தீபாவளிக்குள் இந்த ஆள் கண்ணில் படக்கூடாது, பட்டால் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் எரித்துவிடுவோம், ஜல்தி கரோ, சீக்கிரம் என்று சொல்லிவிட்டுப் போனார். துர்மரணம்போல எரிக்க விட்டால், கட்டினவளே பட்டினி போட்டுக் கொன்றாள் என்பது ஊர்வரை போய் நிலைத்துவிடும். அது செங்கம்மாளுக்குத் தெரியும்.

அவள் பாத்திரம் தேய்க்கும் வீடு மந்திர் மார்க் பக்கம், அரசாங்கக் குடியிருப்பில் சேஷன் வீடு. அவர் மண் பரிசோதனையில் அதிகாரி. அவர் மனைவி வத்சலாவிடம் ஒரு நாள் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வத்சலா கையிலிருந்த காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, "ஏன்னா, ஊர் மண்ணையெல்லாம் பாக்கறேளே, இவ ஆம்படையான் மேல வந்துண்டே இருக்காராம், அதைப் போய்ப் பாருங்கோ" என்றாள். சேஷன் சிரித்துக்கொண்டுதான் ஸ்கூட்டரை எடுத்தார். சந்துக் கடைசியில் பச்சைமுத்துவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பிறகு, தெரிந்த வேலையைச் செய்வது நல்லது என்று, ஒரு பிடி மண்ணை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, பையிலிருந்த சின்ன பாட்டிலிலிருந்து நிறமில்லாத திரவத்தை அதில் இரண்டு சொட்டு விட்டார். கரைசல் சட்டென்று செக்கச் சிவந்தது. "ஐயோ ரத்தம்!" என்று பொன்னம்மாள் அலற, கூட்டம் மொத்தமும் பின்னால் சாய்ந்தது.

"ரத்தமில்லேம்மா, காரம்" என்றார் சேஷன். "இது களர் மண். சோடியம் ஜாஸ்தி. தண்ணி பட்டா பொடிப்பொடியாக் கரைஞ்சு, இருக்கற துவாரத்தையெல்லாம் அடைச்சுடும். மேல ஊத்தறது உள்ள போகாது."

"உள்ள போட்டது மேல வருமா சார்?" என்று கேட்டான் பச்சைமுத்துவின் தம்பி தர்மன்.

"அது எந்தப் புஸ்தகத்துலயும் இல்லே. குழியில என்ன போட்டேள்?"

"உப்பு சார். மூணு மூட்டை."

சேஷன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்ப்பா, உப்பும் சோடியந்தான். வயிறு ரொம்பி வாந்தி எடுக்கறவன் வாயில மறுபடியும் சோத்தத் திணிச்சிருக்கேளே! ஜிப்சம் போடணும். அது சோடியத்தை வெளியே தள்ளும், மண்ணு கட்டிகட்டியாச் சேரும், தண்ணி இறங்கும். ஆபீஸ்ல கேட்டா வந்து சேர ரெண்டு வருஷம். வீட்டு சீலிங்குல பூவும் கொடியுமாப் பண்ணுவாளே, பிளாஸ்டர், அதுவும் ஜிப்சந்தான்."

தர்மன் வாயைப் பிளந்தான். "அதைத்தான் சார் டெய்லி உடைச்சி லாரியில ஏத்துறேன்." சாணக்யபுரியில் ஒரு பெரிய பங்களாவின் பழைய சீலிங்கை அவன் கோஷ்டிதான் பெயர்த்துக்கொண்டிருந்தது.

செங்கம்மாள் சேஷனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்ப அவரு கோவத்துல வரலியா சார்?" சேஷன் பச்சைமுத்துவின் உதட்டைப் பார்த்தார். மண்ணைப் பற்றித்தான் தனக்குத் தெரியும் என்றார். கிளம்பும்போது, இனி குழியில் ஒரு கல் உப்பு விழக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

நான்கு லாரி பிளாஸ்டர் வந்தது. ரோஜாக்கள், திராட்சைக் கொடிகள், யானைத் தலைகள், மூக்குடைந்த சிங்கங்கள். பெண்கள் உலக்கையால் இடித்து மாவாக்கினார்கள். சந்தே திருநீறு பூசினதுபோல இருந்தது. அவரை ஓரமாகக் கட்டிலில் கிடத்திவிட்டு, மாவை மண்ணில் கொத்திக் கலந்து, வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கட்டினார்கள். நின்ற தண்ணீர் முதலில் தெளிந்தது, பிறகு இறங்கியது. அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அத்தனை வருஷத்தில் அங்கே தண்ணீர் இறங்கி யாரும் பார்த்ததில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் குழி வெட்டினார்கள். பொன்னம்மாள் உப்பு மூட்டையோடு வந்து குறுக்கே நின்றாள். "உசுரோட இருந்தப்பவும் உப்பில்ல, செத்தப்புறமும் உப்பில்லியா? நீ பொம்பளையா?" எல்லோரும் செங்கம்மாளைப் பார்த்தார்கள். அவள் புருஷன் பக்கத்தில் குனிந்து, உதட்டோரத்து உப்பை முந்தானையால் துடைத்தாள். "வேணாம்" என்றாள். "இந்தத் தடவையும் நான்தான் குடுக்கல. வந்து என்னையே கேக்கட்டும்." உப்பில்லாமலே புதைத்தார்கள். பால் ஊற்றினாள். தாகமெடுத்த ஆள் சொம்பைக் கவிழ்த்துக் குடிப்பதுபோல மடக், மடக் என்று மண்ணுக்குள் சத்தம் கேட்டது. பால் போய்விட்டது. அவர் வரவில்லை. தீபாவளிக்குப் பிறகு வந்த சுகாதார அதிகாரி வெறும் மண்ணைப் பார்த்துவிட்டு, அச்சா என்று சொல்லிப் போனார்.

அதற்குப் பிறகு அந்த நிலத்தில் தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழுதார்கள், அடுத்த மழைக்கு நெல் போட்டார்கள், அதற்கடுத்து கோதுமை. எருமைகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. பொன்னம்மாள் செங்கம்மாளோடு பேசவில்லை; ஆனால் ஒரே அடுப்பில் சமைத்தாள். செங்கம்மாள் தட்டில் மட்டும் உப்பில்லாத பங்கு. 1984 தையில் பச்சைமுத்து படுத்திருந்த இடத்தில், யாரும் விதைக்காமல், தண்டுக்கீரை முளைத்தது. பறித்துக் கடைந்தார்கள். செங்கம்மாள் முதல் வாய் வைத்ததும் தட்டைக் கீழே போட்டாள். "உப்புப் போட்டியா?" என்று அலறினாள். நாலு வருஷத்துக்கு மேலாகத் தன்னிடம் பேசாத குரலைக் கேட்டு பொன்னம்மாள் உப்புச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். காலி. அன்றைக்கு வீட்டிலேயே உப்பில்லை. பொன்னம்மாள் ஒரு விரல் எடுத்து நக்கிப் பார்த்தாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பச்சைமுத்து சாப்பிடுகிற அளவு.

சேஷன் வந்தார். அந்த மண்ணைக் கரைத்துச் சொட்டு விட்டார். நிறம் மாறவில்லை. உப்பிருந்தால் வெள்ளையாகத் திரியும் வேறொரு திரவத்தையும் விட்டார். மாறவில்லை. "இதுல உப்பே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே கீரையை வாயில் போட்டார். பாட்டிலை மூடிப் பையில் போட்டார். பிறகு ஒரு கட்டு வாங்கி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டார். மந்திர் மார்க் வீட்டில் வத்சலா அதை உப்புப் போடாமல்தான் சமைத்தாள். சந்தில் அவர் கிளம்பிய கையோடு பொன்னம்மாள் புதுத்தட்டில் கீரையைப் போட்டு, நாலு வருஷத்தில் முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "சாப்பிடு செங்கம்மா. குடுத்திருக்கான்ல." செங்கம்மாள் சாப்பிட்டாள். சந்தில் அதற்குப் பிறகு யாரும் இதைப் பேசவில்லை. கீரை நல்ல கீரை.