தங்கையின் கேமரா

ஆற்றங்கரையில் இறந்துபோன என் தங்கையின் கேமரா ஒன்றரை மாதம் கழித்துப் புதருக்குள் கிடைத்தது. ஆற்றில் விழுந்த பள்ளி வேனை வேடிக்கை பார்க்கப் போனவள் அதிர்ச்சியில் செத்துவிட்டாள் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வேன் தானாக மேலே எழும்பியது என்று பிள்ளைகள் சொன்னதை யாரும் நம்பவில்லை.

அம்மாவும் நானும் அதிலிருந்த பதிவுகளைக் கணினியில் போட்டுப் பார்த்தோம். முதலில் தங்கையும் அவளுடைய இரண்டு தோழிகளும் கை படாமலே ஒரு பேனாவை மிதக்கவிட்டார்கள். அடுத்த பதிவில் என் சைக்கிள் மரத்துக்கு மேலே நின்றது. "கீறல் விழுந்தா அக்கா என்னைத் தொலைச்சுடுவா!" என்று தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

கடைசிப் பதிவில், ஓடிக்கொண்டிருந்த கேமராவைப் புதரில் போட்டுவிட்டு மூன்று பேரும் ஆற்றை நோக்கிக் கைகளை நீட்டியிருந்தார்கள். மூழ்கிய வேன் தண்ணீருக்கு மேலே வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். தோழிகள் இருவரும் சோர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"உனக்கு மூக்குல ரத்தம் வருதுடி, விட்டுடு!" என்று தோழி ஒருத்தி கத்தினாள்.

"இன்னும் ஒரு குழந்தை உள்ள இருக்கு" என்றாள் தங்கை. அந்தக் குழந்தையும் வெளியே வந்த பிறகுதான் விழுந்தாள்.

"எல்லாருக்கும் காட்டலாம்மா" என்றேன்.

"காட்டினா அந்த ரெண்டு பொண்ணுங்களையும் நிம்மதியா வாழ விடுவாங்களா? அழிச்சுடு."

எனக்குக் கை வரவில்லை. அம்மாவே அழித்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்தப் பெண்கள் இருவரையும் சாப்பிட வரச்சொல்லி என்னை அனுப்பினாள்.