பதினாலு தடவை பச்சைப் பொத்தான்

ஒரு சொல்தான் அவளை மாட்டிவிட்டது. டயாலிசிஸ் மையத்தின் தலைமை நர்ஸ், எல்லோரும் பெரிய சிஸ்டர் என்று கூப்பிடுகிறவர், போன வாரம் கேட்டார்: "எங்க வெப்சைட்டை மாத்துற இந்த சிஸ்டத்துல வேலை செஞ்சிருக்கீங்களாம்மா?"

"ஓ, செஞ்சிருக்கேனே."

செய்ததே இல்லை. நாலு மாதமாக வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவளின் நாக்கு அப்படித்தான், மனதைக் கேட்காமல் முந்திக்கொள்ளும். நாமெல்லாம் சொல்லாததா? அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வேலை என்னவோ சின்னதுதான். மையம் ஒரு வாரத்தில் இடம் மாறுவதாக இருந்தது. இணையதளத்தில் பழைய முகவரியை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். ஒரு வாரம் இருக்கிறதே, கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். நேற்று சாயங்காலம் பழைய கட்டடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. தண்ணீர் இல்லாமல் டயாலிசிஸ் எந்திரம் ஓடாது. ராவோடு ராவாகச் சாமான்களை லாரியில் ஏற்றிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். நோயாளிகளின் போன் நம்பர் இருந்த கம்ப்யூட்டர் எந்தப் பெட்டிக்குள் போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

மதியம் இரண்டு மணிக்குப் பதினோரு பேர் வர வேண்டும். கிளம்பும் முன் இணையதளத்தைப் பார்ப்பது அவர்கள் பழக்கம். எந்திரம் பழுது, மின்சாரம் இல்லை என்றால் மையம் அதில்தான் அறிவிக்கும். புது இடமோ ஊரின் மறுகோடி. பழைய கட்டடத்து வாசலில் வந்து நின்றுவிட்டால் அங்கிருந்து போக ஒன்றரை மணி நேரம். டயாலிசிஸ் நாற்காலியில் அவர்களுக்கு ஒதுக்கிய நேரம் தவறிப்போகும். தவறினால் உடம்புக்குள் தேங்கிய நீரோடு இன்னும் ஒரு நாள் மூச்சு வாங்க வேண்டும்.

அதனால்தான் காலை எட்டு மணிக்கே மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். எதிர்ப்பக்கம் அவளுடைய நாத்தனார் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். ஒரே மேஜை, பாதி துணி, பாதி கம்ப்யூட்டர்.

முன்னால் வேலை பார்த்தவன் கடவுச்சொல்லை மட்டும் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டான். உள்ளே நுழைந்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. பக்கங்கள் ஓரிடம், படங்கள் ஓரிடம், முகவரி மட்டும் எங்கேயோ. கற்றுக்கொடுக்கும் வீடியோவைப் போட்டால், அதிலிருக்கும் பொத்தான் இவள் திரையில் இல்லை. முட்டி மோதி ஒன்பதே முக்காலுக்கு முகவரியைக் கண்டுபிடித்து மாற்றி, கீழே இருந்த பச்சைப் பொத்தானை அழுத்தினாள். திரையில் புது முகவரி பளிச்சென்று வந்தது.

பெரிய சிஸ்டருக்குப் போன் போட்டாள். "ஆயிடுச்சு சிஸ்டர்!"

"நல்லா இருப்பேம்மா. நான் இங்க பெட்டிகளுக்கு நடுவுல நிக்கிறேன்."

பத்து நிமிடம்கூட நிம்மதி நிலைக்கவில்லை. நாத்தனார் தையலை நிறுத்திவிட்டுத் தன் போனைப் பார்த்தாள்.

"அண்ணி, எனக்கு இன்னும் பழைய அட்ரஸ்தான் காட்டுது."

"மூடிட்டுத் திறந்து பாரு."

"மூணு தடவை திறந்தாச்சு. வேணும்னா கைகால் கழுவிட்டு வந்து திறக்கவா?"

இவள் திரையில் புதியது. உலகத்துக்கெல்லாம் பழையது. மறுபடி திருத்தினாள், பச்சைப் பொத்தானை அழுத்தினாள். "இப்போ?" "பழசு." மறுபடி. "பழசுதான் அண்ணி." கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். வேறு வீடியோ பார்த்தாள். ஒரு மூலையில் சிவப்பாக இருந்த பொத்தான் மேல் விரலை வைத்தாள். பக்கத்தையே அழித்துவிட்டால்? முகவரியே இல்லை என்றால் கிளம்பமாட்டார்களே!

"ஐயோ, அதைத் தொடாதீங்க! இருக்கிறதும் போயிடும்."

மணி பதினொன்று நாற்பது. தூரத்தில் இருப்பவர்கள் இந்நேரம் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். இரண்டு மணி நேரமாக அந்தப் பொய்யை மென்று விழுங்கிக்கொண்டிருந்தவள் போனை எடுத்தாள்.

"சிஸ்டர், ஆகலை. ஆச்சுன்னு சொன்னது தப்பு. எனக்கு இந்த சிஸ்டமே தெரியாது. தெரியும்னு பொய் சொன்னேன். காலையிலேருந்து ஒரே பொத்தானை அழுத்திக்கிட்டு இருக்கேன்." அழுகை வந்துவிட்டது.

திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"எத்தனை தடவை அழுத்தினே?"

"பதிமூணு, பதினாலு இருக்கும்."

"அடிப்பாவி! காலையிலேருந்து எனக்குப் பதினாலு மெயில் வந்திருக்கு. 'ஒப்புதல் தேவை, ஒப்புதல் தேவை'ன்னு. எவனோ லாட்டரிக்காரன்னு அழிச்சுக்கிட்டே இருக்கேன்!"

விஷயம் இதுதான். அந்த சிஸ்டத்தில் எழுதுகிறவர் ஒருவர், சரி சொல்கிறவர் இன்னொருவர். இரண்டு பேர் கை பட்டால்தான் பக்கம் வெளியே போகும். சரி சொல்லும் பொறுப்பை முன்னவன் பெரிய சிஸ்டர் பெயரில் வைத்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் போய்விட்டான்.

"இன்னொரு தடவை அழுத்தும்மா. இந்தத் தடவை அழிக்காம சரி குடுக்கிறேன்."

அழுத்தினாள். ஒரு நிமிடம் ஒரு யுகமாகப் போனது.

"அண்ணி! புதுசு! புதுசு வந்துடுச்சு!"

பதினொன்று ஐம்பது. நாத்தனார் துள்ளிக் குதிக்க, இவள் செருப்பைத் தேடினாள்.

"எங்க போறீங்க?"

"பதினொன்றரைக்கே பார்த்துட்டுக் கிளம்பினவங்க இருந்தா?"

பழைய கட்டடம் இரண்டு தெரு தள்ளித்தான். வருகிறவர்களைக் கூட்டிப்போக வாடகைக் கார் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய், பூட்டிய கதவுக்கு முன் நின்றாள். யாரும் வரக்கூடாது, யாரும் வரக்கூடாது என்று முணுமுணுத்தபடி. பன்னிரண்டரைக்கு ஒரு பெரியவர் பேருந்திலிருந்து மெல்ல இறங்கினார். கக்கத்தில் சின்னத் தலையணை. கால் இரண்டும் வீங்கியிருந்தன. பூட்டைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, வாங்க, கார் நிக்குது. இடம் மாறிடுச்சு."

பின்னால் வருகிறவர்களுக்காகப் புது முகவரியை ஒரு தாளில் எழுதிக் கதவில் செருகிவிட்டு அவளும் ஏறினாள். காரில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "கிளம்பும்போது வெப்சைட்டைப் பார்த்தேனேம்மா. எந்த மகராசன் அதைக் கவனிக்கிறானோ, நல்லா இருக்கட்டும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். ஒருவருக்கும் தெரியாது.

"நான்தான் ஐயா."

பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முன்னே பாலத்தின் மேல் வண்டிகள் அசையாமல் வரிசை கட்டி நின்றன. மணி ஒன்றேகால். சிஸ்டருக்கு, 'நாற்காலியை யாருக்கும் கொடுத்துடாதீங்க' என்று செய்தி அடிக்கப் பார்த்தாள்; கண்ணீரில் எழுத்தே தெரியவில்லை.

பெரியவர் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"தம்பி, பாலத்துல ஏறாதே. இடது பக்கம் ஒடிச்சுத் திருப்பு. மாவு மில்லுக்குப் பின்னாடி ஒரு ரோடு இருக்கு. இருபத்தெட்டு வருஷம் இந்த ஊர்ல பஸ் ஓட்டியிருக்கேன்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நீ அழாதேம்மா. கண்ணைத் துடைச்சிட்டு அந்த சிஸ்டருக்குப் போன் போடு."

புதுக் கட்டடத்து வாசலில் பெரிய சிஸ்டர் சக்கர நாற்காலியோடு நின்றிருந்தார். இரண்டு மணிக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.